டங்ஸ்டன் வைத்த பொட்டு

இடுக்கியை உள்ளே நீட்டினேன். எடுக்க ஒன்றும் இல்லை.

வெள்ளைப் பீங்கான் படகு மட்டும் இருந்தது. படகு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கட்டைவிரல் நீளத்தில் ஒரு குட்டித் தட்டு, அவ்வளவுதான். உலோகத் துண்டை அதில் வைத்துத்தான் உலைக்குள் தள்ளுவோம். தபால்தலை அளவில் ஒரு டங்ஸ்டன் தகட்டை நான்தான் என் கையால் அதில் வைத்தேன். நான்கு கிராம் இருந்தது. அதைத் தராசில் மூன்று முறை எடை போட்டு நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

இப்போது படகில் தூசிகூட இல்லை. குனிந்து பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். படகைக் கவிழ்த்து, சோழி உருட்டுவது போல உள்ளங்கையில் தட்டியும் பார்த்தேன்.

உலையின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு, மஞ்சளும் சிவப்புமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதனிடமே கேட்டேன். "எங்கடா போச்சு?"

தண்ணீரில் எரியும் உலோகம்

வேலூரில் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் முனைவர் பட்டத்துக்கு மாரடித்துக்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டார் சத்துவாச்சாரியில் அக்கம்பக்கத்தாரிடம் "பொண்ணு தண்ணியைக் கொதிக்க வச்சு ஆராய்ச்சி பண்ணுது" என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதில் பொய் இல்லை என்பதுதான் என் துயரம்.

எளிதில் உருகாத உலோகங்கள் சில உண்டு. டங்ஸ்டன், நியோபியம், டாண்டலம் எல்லாம் அந்த வகை. சூட்டுக்கு மசியாது என்று பெயர் வாங்கியவை. ஆனால் சூட்டோடு சேர்த்து நீராவியையும் விட்டால் அத்தனை வீறாப்பும் போய்விடும். நீராவியில் இருக்கும் ஆக்சிஜனை உலோகம் பிடுங்கிக்கொள்ளும். மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் தனியாகக் கழன்று வெளியே போகும்.

பிடுங்கிய பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அவதிப்படும். நியோபியம் வெள்ளையாக உப்பி, பொருபொருவென்று உதிரும். டாண்டலம் ஹைட்ரஜனையும் கொஞ்சம் குடித்துவிட்டு, தொட்டால் அப்பளமாக நொறுங்கும். டங்ஸ்டனின் குணம் வேறு. அதன் மேல் ஒரு மஞ்சள் தோல் உண்டாகும். நீராவி அந்தத் தோலையே ஆவியாக்கித் தூக்கிக்கொண்டு போகும். போகிற வழியில் சூடு குறைந்த இடம் வந்ததும், சுமந்து வந்ததை மஞ்சள் பொடியாக இறக்கி வைத்துவிடும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

ஆறு மணி நேரம் ஓட்டினால் தகடு கொஞ்சம் இளைக்கும், வெளிவாய்க் குழாயில் மெல்லிசாக மஞ்சள் படியும். அதுவரை ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்தது.

பாய்லர் அண்ணன்

கோதண்டம் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபது வருடம் பாய்லர் ஓட்டியவர். அந்தத் தொழிற்சாலை மூடியதும் எங்கள் கூடத்துக்கு உதவியாளராக வந்தார். ஒப்பந்த வேலை, வருடத்துக்கு ஒருமுறை பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் தொடரும். அவர் வீட்டில் மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தார்கள், அந்தக் கையெழுத்தை நம்பி.

வந்த முதல் நாள் எங்கள் நீராவி ஏற்பாட்டைப் பார்த்தார். அப்போது நாங்கள் பிரஷர் குக்கர் ஒன்றில் ரப்பர் குழாய் சொருகி நீராவி எடுத்துக்கொண்டிருந்தோம். நடுநடுவே அது விசிலும் அடிக்கும். அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றி வந்தார்.

"இன்னா மா இது? இது சாம்பாருக்கு ஆவும். ஸ்டீமுக்கு ஆவாது."

ஒரே வாரத்தில் குக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டு, கண்ணாடிக் குடுவையும் ஹீட்டரும் வைத்துச் சீரான நீராவி வர வழி செய்தார். ஆம்பூரிலிருந்து ஏற்றுமதியில் கழித்துக்கட்டிய தோல் கையுறை ஒரு ஜோடியும் கொண்டு வந்தார். கொதிக்கும் குழாயைக்கூட அதைப் போட்டுக்கொண்டு பிடிக்கலாம். நான் அதை மாட்டினால் முழங்கை வரை காணாமல் போய்விடுவேன்.

அவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவே இல்லை. "நெருப்பு புடிச்சா தண்ணி ஊத்துவாங்க. நீ தண்ணிய ஊத்தி உலோகத்த எரிக்கிற. ஊர்ல சொன்னா என்ன கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடுவாங்க மா."

இந்த உலையை அவர் உலை என்று சொன்னதே இல்லை. பாய்லர்தான். குழாய்க்குள் என்ன உலோகம் இருக்கிறது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. ஸ்டீம் நிற்கக் கூடாது, அதுதான் முக்கியம்.

காதுகுத்தும் கறிக்குழம்பும்

ஆயுத பூஜைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் அந்த நான்கு கிராம் தகட்டை உள்ளே தள்ளினேன். சூடு ஆயிரத்து இருநூறு டிகிரி. அன்றைக்கு ஒடுகத்தூரில் என் சித்தி பேரனுக்குக் காதுகுத்து. ஆறு மணி நேரத்தில் டைமர் தானாக நிறுத்திவிடும் என்ற தைரியத்தில் அண்ணனிடம், "நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோங்கண்ணா, சாயந்திரம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

காதுகுத்தில் கறிக்குழம்பு. நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்பதை இந்தப் பத்திரிகையின் கண்ணியம் கருதித் தவிர்க்கிறேன். அன்று சாயந்திரத்திலிருந்து வயிறு என் பேச்சைக் கேட்கவில்லை. மறுநாள் முழுக்கப் பாயும் நானும் மோரும்தான். உலையைப் பற்றிய நினைப்பே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில்தான் தட்டுத்தடுமாறி வேலூர் வந்து சேர்ந்தேன்.

உலை ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் கோதண்டம் அண்ணன், கண் சிவந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு காகிதக் கட்டை நீட்டினார். மணிக்கு ஒருமுறை சூடு, தண்ணீர் மட்டம், நீராவி ஓட்டம் எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார். கிட்டத்தட்ட இரண்டு நாள் கணக்கு.

"ஆறு மணி நேரத்துல நின்னிருக்கணுமேண்ணா?"

"நின்னுச்சு மா. ட்ரிப் ஆயிடுச்சுன்னு நான் மறுபடி போட்டுட்டேன். அந்த டைமரு சரியில்ல, ரெண்டு தபா அதே வேலை பண்ணிச்சு. அப்புறம் அத்தயே கழட்டி வச்சிட்டேன். மாத்தி உட ஆள் வராம பாய்லர வுட்டுட்டுப் போவ முடியுமா? வீட்டுக்காரி சோறு கொண்டாந்து குடுத்தா. அவ இருந்தப்ப ரெண்டு மணி நேரம் படுத்தேன்."

ஷிப்ட் மாற்ற ஆள் வரும் வரை பாய்லரை விட்டு நகரக் கூடாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய சட்டம். மாற்ற வேண்டிய ஆள் நான். நான் ஒடுகத்தூரில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உலையை அணைத்துவிட்டு அவரை வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"எப்டி மா போறது? இன்னிக்குத்தான காலேஜ்ல பூஜை? எல்லாத்துக்கும் பொட்டு வக்கணும்."

மத்தியானம் பூஜை முடிந்தது. உலைக்கு, தராசுக்கு, கேஸ் சிலிண்டருக்கு, ஃபிரிட்ஜுக்கு என்று எல்லாவற்றுக்கும் வட்டமாகப் பொட்டு. எங்கள் பேராசிரியர் ஜெபகுமார் சார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் வருடா வருடம் பூஜையன்று ஸ்கூட்டரைக் கூடத்து வாசலில் கொண்டுவந்து, பொட்டு வைக்கத் தோதாகத் திருப்பி நிறுத்துவார். "அது வண்டிக்கும் கோதண்டத்துக்கும் உள்ள விவகாரம். நான் தலையிட மாட்டேன்" என்பார்.

இரண்டு நாள் விடுமுறை. கூடம் திறந்த அன்று காலை ஆறிப்போன உலையைத் திறந்தபோதுதான் படகு காலி.

துப்பறியும் படலம்

ஜெபகுமார் சார் முதலில் எலி என்றார். ஆயிரத்து இருநூறு டிகிரியில் எலியா என்று கேட்டேன். "ஆறின பிறகு" என்றார்.

பிறகு பெருக்கினோம். மூலை முடுக்கெல்லாம் காந்தம் கட்டி இழுத்தோம். ஏழு குண்டூசியும், எப்போதோ நான் தொலைத்த ஹேர்பின்னும் கிடைத்தன. டங்ஸ்டன் காந்தத்தில் ஒட்டாது என்பது இரண்டு பேருக்குமே அரை மணி நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றி நாங்கள் இன்று வரை பேசிக்கொள்வதில்லை.

"ரெண்டு நாள் ஓடியிருக்கு சார். மொத்தமா ஆவியாப் போயிருக்குமோ?" என்றேன்.

சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போயிருந்தா வெளிவாய்க் குழாய்ல படிஞ்சிருக்கணும். நாலு கிராம் போனா ஆக்சிஜனும் சேர்ந்து அஞ்சு கிராம் பொடியா வந்து உக்காந்திருக்கும். குழாயைப் பாரு."

பார்த்தேன். கல்யாணத்துக்கு விளக்கி வைத்த பாத்திரமாகப் பளபளத்தது. ஒரு பொட்டு மஞ்சள் கிடையாது.

"ஆவியாவும் போகலை, எலியும் தின்னலை. அப்போ யாரோ எடுத்திருக்காங்க" என்றார் சார். குரல் தாழ்ந்துவிட்டது. "உலை பக்கத்துல ரெண்டு நாளா தனியா இருந்தது ஒரே ஒருத்தர்தான்."

அண்ணனிடமே கேட்டுவிடலாம் என்றேன். சார் கையை உயர்த்தினார். கேட்டால் உஷாராகிவிடுவாராம். அவர் தொலைக்காட்சித் தொடர்கள் நிறைய பார்ப்பவர்.

திருடி என்ன செய்வார் என்று யோசித்தோம். தபால்தலை அளவு டங்ஸ்டனை வைத்துக்கொண்டு குண்டு பல்பு செய்யலாம் என்பதைத் தவிர எங்கள் இரண்டு பேருக்கும் எதுவும் தோன்றவில்லை.

கடிதம்

அந்தத் தகடு வேறொரு நிறுவனம் ஆராய்ச்சிக்காகக் கொடுத்தது. காணோம் என்றால் கல்லூரிக்கு எழுத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். எழுதினால் விசாரணை வரும். விசாரணை வந்தால் அண்ணனின் ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். இது சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டு நாள் இழுத்தடித்தேன். மூன்றாம் நாள் எழுதினேன். "ஆய்வுக்காக உலையில் வைக்கப்பட்ட டங்ஸ்டன் தகடு காணாமல் போய்விட்டது. அப்போது உலையின் பொறுப்பில் இருந்தவர் திரு. கோதண்டம்." கீழே என் கையெழுத்து. ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் எழுதி முடித்தபோது நானே திருடியது போல இருந்தது.

நான் எழுதிக்கொண்டிருந்த மேஜைக்கு எதிரில்தான் அண்ணன் நின்று குடுவை கழுவிக்கொண்டிருந்தார். நெற்றியில் பெரிய மஞ்சள் பொட்டு. "இன்னா மா, மூஞ்சி வாடிக் கெடக்குது? டீ சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவரே போய் வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். அந்த டீயைக் குடிக்கும்போது எனக்கு அழுகை வந்தது. சூடு என்று சமாளித்தேன்.

ஸ்கூட்டரில் ஒரு மஞ்சள்

கடிதத்தை சாரிடம் கொடுக்கக் கிளம்பினேன். அன்று காலை நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாரின் ஸ்கூட்டர் வாசலில் சொட்டச் சொட்ட நின்றது. முன்பக்கத்தில் குங்குமம் கரைந்து, இளஞ்சிவப்பாகக் கோடு இறங்கியிருந்தது. மஞ்சள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது, ஓரத்தில் லேசாகக் கரைந்ததோடு சரி.

சந்தனம் இத்தனை மழைக்கு நிற்குமா? குனிந்து பார்த்தேன். சந்தன நிறமே இல்லை. லேசாகப் பச்சை ஓடிய மஞ்சள். நகத்தால் சுரண்டி விரலில் தேய்த்தேன். மாவை விட நைசாக இருந்தது. முகர்ந்தேன். பன்னீர் வாசம் மட்டும்தான் வந்தது.

அந்த நிறத்தை நான் இரண்டு வருடமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கூடத்துக்குள் ஓடினேன். கல்லூரி வராண்டாவில் நான் அப்படி ஓடியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"அண்ணா, பூஜைக்கு வச்ச சந்தனம் எங்க வாங்குனீங்க?"

"சந்தனமா? அது சந்தனம் இல்ல மா. உன் பாய்லரு போட்டது."

"இன்னாண்ணா சொல்றீங்க?"

"எங்க கம்பெனில ஒரு வழக்கம் மா. ஆயுத பூஜைக்கு பாய்லருக்கு வெளிய வாங்குன பொட்டு வக்க மாட்டோம். பாய்லரு சாம்பல எடுத்துத்தான் அதுக்குப் பட்ட போடுவோம். மெஷின் குடுத்தத மெஷினுக்கே வக்கணும். முதலாளி பாய்தான், அவரே அன்னிக்கு வந்து சாம்பல் எடுத்தாச்சான்னு கேட்டுட்டு எல்லாருக்கும் பிரியாணி சொல்லுவாரு." கையைத் துடைத்துக்கொண்டார். "இங்க சாம்பல் ஏது? ஆனா உன் குழாய் முனைல மஞ்சளா அடச்சிக்கினே இருந்துச்சு. ஸ்டீம் போவ வழி இல்ல. கையுறையப் போட்டுக்கினு நாலு மணிக்கு ஒரு தபா பிரஷ்ஷு உட்டு இழுத்தேன். பாய்லரு குழாய்ல உப்பு படிஞ்சா உடுவமா? இழுத்தத வீணாக்குவானேன்னு சேத்து வச்சு, பன்னீர்ல கொழச்சு வச்சிட்டேன். நைசா, நல்லா புடிக்குது மா."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மீதி எங்கே?

மிச்சப் பொடியை அண்ணன் பத்திரமாக வைத்திருந்தார், பிரியாணியோடு தயிர்ப்பச்சடி வரும் குட்டி பிளாஸ்டிக் டப்பாவில். நான் பாதியை எதிர்பார்த்தேன். அடியில் கால் பங்குதான் இருந்தது. மற்றதெல்லாம் பொட்டு.

பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அது தானாக உதிர வேண்டும். ஊரின் அந்த ஒரு பழக்கம்தான் என் ஆராய்ச்சியைக் காப்பாற்றியது. சாரும் நானும் ஆளுக்கொரு கத்தியோடு கிளம்பினோம். உலையைச் சுரண்டினோம். தராசைச் சுரண்டினோம். ஃபிரிட்ஜைச் சுரண்டியபோது பக்கத்துத் துறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள். தன் ஸ்கூட்டரின் முன்னால் சார் முழங்காலிட்டு, வெண்ணெய்க் காகிதத்தில் பொட்டைச் சேகரித்த காட்சியை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுச் சூடாக்கினோம். குங்குமமும் பன்னீரும் எரிந்து போயின. சுத்த மஞ்சளாக நின்றதைத் தராசில் வைத்தோம். நான்கு கிராமைத் தாண்டி, நாலேமுக்காலுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அண்ணன் தராசு காட்டிய எண்ணை எட்டிப் பார்த்தார். அதற்குள் அவருக்கு விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது. நான்தான் சொன்னேன். கடிதத்தையும் அவர் கையிலேயே கொடுத்து, "மன்னிச்சிடுங்கண்ணா. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றேன். சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவரும், "என் தப்பும் இருக்கு கோதண்டம். கேக்க வேண்டாம்னு சொன்னதே நான்தான்" என்றார்.

அண்ணன் கடிதத்தை நிதானமாகப் படித்தார். முகம் சுண்டிப்போயிற்று. இருபது வருடம் ஒரு போல்ட்டைக்கூட வெளியே கொண்டு போகாதவர். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு உலைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் தராசைக் காட்டி, "போனது நாலு. திரும்பி வந்தது ஜாஸ்தி. இப்டி ஒரு திருடன எங்கயாச்சும் பாத்திருக்கியா மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சார் மட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு கிராம் டங்ஸ்டன் போனால் அஞ்சு கிராம் வர வேண்டும் என்பது அவர் கணக்கு. மழையில் கொஞ்சம் போயிருக்கலாம் என்று ஸ்கூட்டரைப் பார்த்தார். அப்படியும் கணக்கு உதைத்தது.

"மீதி எங்கே?" என்றார்.

அண்ணன் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீ எழுதுனதுல ஒரே ஒரு தப்பு மா" என்றார் என்னிடம். "காணாம போச்சுன்னு எழுதியிருக்க. எங்கயும் போவல." சுட்டுவிரலால் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "தெனம் குளிச்சிட்டு வந்து இத்தத்தான் வச்சினு இருக்கேன். மூணு நாளா உங்க ரெண்டு பேரு எதிர்லதான நின்னுனு இருந்தேன்?"

சார் நோட்டை எடுத்தார். உலை, தராசு, சிலிண்டர், ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர் என்று எழுதியிருந்த பட்டியலின் கீழே இன்னொரு வரி சேர்த்தார். கோதண்டம் நெற்றி. அதே பேனாவால், மேஜையில் இருந்த ஒப்பந்தத் தாளை இழுத்துக் கையெழுத்தும் போட்டார்.